குழி மேல் அம்மன்

1924 செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று முதல் எழுதி வைப்பதென்று முடிவு. ஆசைக்காக அல்ல, அந்த வயதெல்லாம் தாண்டியாயிற்று. இந்த லைனுக்குள் குடியிருந்துகொண்டே யாரோ வெளியே சேதி சொல்கிறார்கள். யார் எங்கே நின்றார், யாரோடு பேசினார் என்று குறித்துக்கொண்டே வந்தால் ஆள் தானாக அகப்படுவான்.

மில்லுக்குப் பின்னால் தாமோதர முதலியார் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீடுகளுக்கு நான் கணக்குப்பிள்ளை. எதிரும் புதிருமாக இரண்டு வரிசை, வீட்டுக்கு ஓர் அறை, நடுவில் ஒரு சந்து. சந்தின் கோடியில் கிணறு. குடியிருப்பவர்கள் எல்லாரும் மில் ஆட்கள். வாடகை வாங்குவது, சண்டை விலக்குவது, முதலியாருக்குத் தலைவலி வராமல் பார்த்துக்கொள்வது, இவை என் வேலை. அதற்காகக் கிணற்றுப் பக்கத்து முதல் வீடு எனக்கு வாடகை இல்லாமல் விடப்பட்டிருக்கிறது. சபாபதி வீடு எது என்று கேட்டால் பேட்டையில் யாரும் கை காட்டுவார்கள்.

நேற்று நகரசபையிலிருந்து புது சானிடரி இன்ஸ்பெக்டர் வந்தார். ஞானப்பிரகாசம் என்று பெயர், கிறிஸ்தவர், ஒல்லி. வழக்கமாக அவர்கள் வரும் சேதி எனக்கு முன்னாடியே வந்துவிடும். அன்று சந்து முழுக்கக் கூட்டிப் பெருக்கி, பாதிக் குடும்பங்களை முதலியார் செலவில் புளியோதரை கட்டிக் கோயிலுக்கு அனுப்பிவிடுவேன். ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று எண்ண முடியாதல்லவா? இந்த மனிதர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். வந்தவர் மற்ற வீடுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே என் வீட்டுப் பக்கச் சுவர் அருகே போய் நின்று, இங்கே ஒரு குழி இருக்க வேண்டுமே என்றார்.

இருந்தது. லைனின் சாக்கடை முழுவதும் வந்து விழுகிற குழி. போன வருஷம் பழைய இன்ஸ்பெக்டர் அதைத் தூர்த்துக் கல் சாக்கடை கட்டச் சொன்னார். முதலியாருக்கு அந்தச் செலவில் இஷ்டமில்லை. நான்தான் யோசனை பண்ணினேன். குழியின் மேல் பலகை போட்டு, பலகை மேல் மண்ணைப் பரப்பி, கைக்கு அகப்பட்ட ஒரு கருங்கல் துண்டை நட்டு, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். பக்கத்தில் ஒரு வேப்பங்கிளை. மறுமுறை வந்த பழைய இன்ஸ்பெக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். முதலியார் எனக்கு ஒரு சரிகை வேட்டி கொடுத்தார்.

ஞானப்பிரகாசமும் கல்லைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு எட்டியே நின்றார். "இந்த அம்மன் எப்ப வந்தாங்க?" என்று கேட்டார். ஆதியிலிருந்தே இருக்கிறாள் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் குழி இங்கே என்று அவருக்குச் சொன்னது யார்? என் கேள்வி அதுதான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மாசிலாமணி. எதிர் வரிசைக்காரன், மில்லில் நூல் பிரிவு. போன தடவை மில்லில் வேலைநிறுத்தம் நடந்தபோது முன்னால் நின்று கத்தியவன். காப்பிக்கடையில் பத்திரிகையை உரக்கப் படிக்கிறான். இன்று என்னைப் பார்த்ததும், "இன்னா கணக்குப்பிள்ளை, உங்க அம்மன் வாசனை இப்பல்லாம் எங்க வீடு வரைக்கும் வருதே" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சந்தேகம் முக்கால்வாசி தீர்ந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

பெண்கள் எல்லாரும் கல்லுக்கு விளக்கு வைத்தார்கள். வேடிக்கைதான். நான் மறைப்புக்கு வைத்ததை இவர்கள் நிஜமாகவே அம்மனாக்கிவிட்டார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் இறங்கியதாம், இன்னொருத்தியின் புருஷன் குடியை விட்டானாம். மாசிலாமணியின் பெண்சாதி பால் ஊற்றினாள். ஊற்றிய பால் பலகை இடுக்கில் இறங்கி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். சொல்வதற்கு நான் என்ன பைத்தியமா?

என் மனைவி வேதவல்லி மட்டும் விளக்கு வைப்பதில்லை. குனிய முடியவில்லையாம். ஏழாவது மாதம் நடக்கிறது, நியாயம்தான்.

செப்டம்பர் 25, வியாழன்

நகரசபை மருத்துவச்சி எஸ்தர் அம்மாள் இப்போது வாராவாரம் வியாழனன்று வருகிறாள். குடை, தோல்பை, வெள்ளைப் புடவை. பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்க நகரசபையே அனுப்புகிறதாம். சும்மா கிடைக்கிறதே என்று விட்டிருக்கிறேன். ஆனாலும் வந்தால் சீக்கிரம் போவதில்லை. வேதவல்லி என்னை வெற்றிலை வாங்கி வரச் சொல்லிவிட்டு அவளோடு உள்ளே பேசுகிறாள். பெண்கள் சமாசாரம்.

இன்று நான் இருக்கும்போதே அந்த அம்மாள் இது எத்தனாவது பிள்ளை என்று கேட்டாள். முதல் என்றேன். குடும்ப விஷயம் இவர்களுக்கு எதற்கு? உள்ளே இருந்து வேதவல்லி, "மூணாவது" என்றாள். மருத்துவச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எனக்குச் சந்தையில் வேலை இருந்தது, கிளம்பிவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கிணற்றில் மருந்து போட்டார்கள். நகரசபை ஆள் ஒருவன் ஒரு பொட்டலத்தை வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றினான். ஒரு நொடியில் கிணறு முழுக்கக் கத்தரிப்பூ நிறம். லைனே கூடிவிட்டது. விஷம் என்றார்கள். ஏழைகளைக் குறைப்பதற்கு வழி என்றார்கள். எனக்கும் சந்தேகம்தான். நல்ல தண்ணீரில் எதற்கு நிறம் போட வேண்டும்?

யாரும் தண்ணீர் எடுக்கவில்லை. வேதவல்லி குடத்தோடு போனாள். இறைத்தாள், ஒரு சொம்பு மோந்து எல்லார் முன்னாலும் குடித்தாள். நான் ஓடிப்போய்ச் சொம்பைப் பிடுங்கினேன். வயிற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்று கத்தினேன். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, "நேத்து வரைக்கும் குடிச்சதவிட இது ஒண்ணும் மோசமில்ல" என்றாள்.

சாயங்காலம் வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு மற்றவர்களும் இறைத்தார்கள். வேதவல்லி பழைய துணிப்பையிலிருந்து, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதை இப்போதே ஏன் எடுத்தாய், உள்ளே வை என்றேன். வைக்கவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

சேதி வந்துவிட்டது. நாளை இன்ஸ்பெக்டர் வருகிறார். சாயங்காலம்தான் வருவாராம். நாளை புரட்டாசி சனி, கோயிலுக்கு அனுப்பத் தோதான நாள். புளியோதரைக்கு ஏற்பாடு ஆயிற்று.

வாசல்களுக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்கலாம் என்றிருந்தேன். வேதவல்லிதான் சொன்னாள், வெளியே மட்டும் அடித்தால் ஏமாற்றுகிறோம் என்று தெரிந்துவிடும், உள்ளேயும் எல்லாச் சுவருக்கும் அடியுங்கள் என்று. காலையிலேயே அடித்துவிட்டால் சாயங்காலத்துக்குள் காய்ந்து பளிச்சென்று இருக்குமாம். அவளுக்குத் தெரியாத சுண்ணாம்பா? பழவேற்காட்டில் அவள் அப்பாவுக்குக் கிளிஞ்சல் காளவாய் இருக்கிறது. சுண்ணாம்புத் தூசியிலேயே வளர்ந்தவள். வாய் திறந்து ஒன்று சொன்னால் உருப்படியாகச் சொல்கிறாள் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். முதலியாரிடமும் சொன்னேன். அவரும் மெச்சினார்.

அக்டோபர் 4, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

விடிந்ததும் ஆட்களை விட்டு எல்லா வீட்டிலும் சுண்ணாம்பு அடித்தாயிற்று. வெயில் நன்றாக இருந்தது. ஞானப்பிரகாசம் சாயங்காலம் வந்தார். எதிர் வரிசையில் நுழைந்தார், வெள்ளை வெளேரென்று இருந்தது. தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு இந்த வரிசையில் மூன்றாம் வீட்டுக்குள் போனார். பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈயச் சாம்பல் நிறம். இரண்டாம் வீட்டில் அது இடுப்பு வரை. என் வீட்டில் குழியை ஒட்டிய சுவர் பூராவும் அடிக்கவே அடிக்காத மாதிரி இருண்டு நின்றது. ஈரம் ஊறிய சுவரில் சுண்ணாம்பு வெளுக்காதாம். இன்ஸ்பெக்டர் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார், எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அது போதாதா?

அழுக்குச் சுவராகவே விட்டிருந்தால் ஒருவரும் வித்தியாசம் கண்டிருக்க முடியாது. பளிச்சென்று அடித்து, எங்கே ஓதம் என்று நானே கோடு போட்டுக் காட்டிவிட்டேன்.

வேதவல்லியிடம், உனக்குத் தெரியாமலா போயிற்று என்று கேட்டேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு மறதி அதிகம் என்றாள். இருக்கலாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

முதலியார் கூப்பிட்டு விட்டார். குழியைத் தோண்டிப் பார்க்க உத்தரவு போடப் போகிறார்களாம். உள்ளே இருந்து காட்டிக்கொடுக்கிறவன் யார் என்று கேட்டார். நான் தயங்கினேன். பேர் சொல்ல முடியாத கணக்குப்பிள்ளை எனக்கு எதற்கு என்றார்.

மாசிலாமணி என்றேன்.

அக்டோபர் 8, புதன்

சாட்சி இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அவன் காப்பிக்கடையில் இன்ஸ்பெக்டரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பால்காரி பார்த்திருக்கிறாள். பேசினார்களா என்று கேட்டேன். அதை அவள் கவனிக்கவில்லை. பேசாமலா இருந்திருப்பார்கள்?

அக்டோபர் 11, சனி

மாசிலாமணி வீட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. முதலியாரின் ஆட்கள் வந்து சாமான்களைச் சந்தில் வைத்தார்கள். நான் தள்ளி நின்றேன். அவன் கத்துவான், ரகளை பண்ணுவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பெண்சாதியும் அவனுமாகப் பாயையும் பானைகளையும் கட்டினார்கள். போகும்போது அவள் அந்தக் கல்லின் முன்னால் நின்று கும்பிட்டாள். எனக்கு எப்படியோ இருந்தது.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வேதவல்லி இன்று சாப்பிடவில்லை. நெஞ்சு கரிக்கிறது என்றாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

மழை. வேதவல்லி இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. தரையில் பாய் நனைகிறது. செங்கல் வைத்து அதன் மேல் கட்டிலைத் தூக்கினேன்.

அக்டோபர் 15, புதன்

வருகிற திங்கட்கிழமை குழியைத் தோண்ட உத்தரவு வந்துவிட்டது. முதலியார் சிரித்தார். தோண்டட்டும், கல்லை எவன் தொடுகிறான் பார்க்கலாம் என்றார். எனக்கும் அந்தத் தைரியம் இருக்கிறது. கிறிஸ்தவர் கை அம்மன் மேல் பட்டால் லைன் சும்மா இருக்காது. சந்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வார்த்தை போட்டு வைத்தேன். பெண்கள் இப்போதே கண் கலங்குகிறார்கள்.

ஒரே ஒரு சந்தேகம். மாசிலாமணி போன பிறகும் நான் லைனில் பேசுவது எல்லாம் வெளியே போகிறது. இன்று ஞானப்பிரகாசம் என்னைத் தெருவில் பார்த்து, "வீடு வீடாப் போய்ச் சொல்லியாச்சா, மிஸ்டர் சபாபதி?" என்று விசாரித்தார். இன்று வியாழன்கூட இல்லை, ஆனாலும் எஸ்தர் அம்மாள் காலையில் வந்து போனாள். அவளாக இருக்குமோ? ஆனால் அவளுக்கு யார் சொல்கிறார்கள்?

அக்டோபர் 20, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஞானப்பிரகாசம் கடப்பாரை ஆட்களோடு வந்தார். லைன் முழுவதும் கல்லைச் சுற்றி நின்றது. பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். தூறல். முதலியார் வண்டியை விட்டு இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். கல்லை உங்களில் ஒருவரே எடுத்து வேறு இடத்தில் வையுங்கள், பூசாரியைக் கூப்பிட்டு முறைப்படி செய்யலாம், செலவை நானே தருகிறேன் என்றார். ஒருவரும் அசையவில்லை. ஒரு கிழவிக்குச் சாமி வந்துவிட்டது. கடப்பாரை ஆட்கள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார்கள். அவர்களும் நம்மவர்கள்தானே.

இன்ஸ்பெக்டர் திரும்பிப் போகத் தொடங்கினார். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது வேதவல்லி வீட்டிலிருந்து வெளியே வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் நடந்தாள். கும்பிட வருகிறாள் என்று பெண்கள் வழி விட்டார்கள். அவள் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கல்லை ஆட்டிப் பிடுங்கினாள். யாரோ அலறினார்கள். அவள் முந்தானையால் மஞ்சளையும் குங்குமத்தையும் துடைத்தாள். கல்லைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினாள். மிளகாய் அரைத்து அரைத்துத் தேய்ந்து வழவழவென்று குழிந்த பக்கம்.

"இது எங்க வூட்டு அம்மி" என்றாள். "போன வருசம் ஒடைஞ்சிது. ஒடைஞ்ச பாதிய இவரு எடுத்தாந்து இங்க நட்டாரு. மீதிப் பாதி அடுப்பாண்ட கெடக்குது, வந்து பாருங்க."

சாமி வந்த கிழவிகூடத் தலையை முடிந்துகொண்டாள். வேதவல்லி இன்ஸ்பெக்டரைப் பார்த்து, தோண்டுங்க என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மாசிலாமணி ஒண்ணும் சொல்லல. மருத்துவச்சியம்மாகிட்டச் சொன்னது நான்தான். மொதல் நாள்லேருந்து நான்தான்."

பலகையைத் தூக்கினார்கள். குழியில் தண்ணீர் எங்கள் வீட்டுத் தரைமட்டத்துக்கு நின்றது. ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் எங்கள் சுவர். பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தங்கள் பாலும் பழமும் போன இடத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 22, புதன்

ஒரே அறையில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம். கடைசியில் நான்தான் கேட்டேன். என்னிடம் சொல்லியிருக்கலாமே, நான் என்ன அந்நியனா என்றேன்.

வேதவல்லி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பெரியவன் போனப்பவே சொன்னேன்" என்றாள். "ஓதம்னேன், தண்ணி சரியில்லன்னேன். ஆண்டவன் கணக்குன்னு சொன்னீங்க. சின்னது போனப்பவும் அதையேதான் சொன்னீங்க. ரெண்டையும் இந்தத் தரையிலதான் படுக்க வெச்சேன். மூணாவதையும் இதுலயே படுக்க வெக்க என்னால ஆவாது."

பெரியவன் தவழ ஆரம்பித்திருந்தான். சின்னது பெண், பேர்கூட வைக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரி வயிற்றுப்போக்கு. இதற்கு முன் நான் இதை எங்கும் எழுதியதில்லை, பேசியதுமில்லை. ஆண்டவன் பேரைச் சொன்னால் பிறகு எதையும் யோசிக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

சாயங்காலம் மாசிலாமணியைத் தேடிப் போனேன். பஞ்சுக் கிடங்குப் பக்கம் ஒரு கொட்டகையில் இருக்கிறான். தப்பு நடந்துவிட்டது என்றேன். அவன் என்னை உட்காரச் சொல்லவில்லை. "நான் சொல்லியிருந்தா ஊரு பாக்க, பேரு போட்டுச் சொல்லியிருப்பேன், கணக்குப்பிள்ளை. ஒளிஞ்சு சொல்றது நமக்குப் பழக்கமில்ல" என்றான். இவனை ஒளிந்து சேதி சொல்கிறவன் என்று முதலியாரிடம் சொன்னது நான்தானே?

அக்டோபர் 27, திங்கள்

தீபாவளி. லைனில் எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. நாங்களும் யார் வீட்டுக்கும் போகவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். எஸ்தர் அம்மாள் மட்டும் வந்து இனிப்பு வாங்கிக்கொண்டு போனாள்.

நவம்பர் 5, புதன்

முதல் மூன்று வீடுகளை இடிக்க வேண்டும், குழியைத் தூர்க்க வேண்டும், மற்ற வீடுகளுக்கு ஜன்னல் வைக்க வேண்டும் என்று நகரசபை உத்தரவு. முதலியார் முடியாது என்றார். வழக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வந்திருக்கிறது. அடுத்த புதன் விசாரணை.

இன்று என்னை வீட்டுக்கே அழைத்துக் காப்பி கொடுத்தார். இத்தனை வருஷத்தில் இது முதல் தடவை. வக்கீலும் இருந்தார். குழி எப்போதோ தூர்ந்துபோனது, மழையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, சுவர் ஈரம் குடித்தனக்காரர்கள் உள்ளேயே குளிப்பதால் வந்தது என்று நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். அதோடு, கல்லைப் பிடுங்கியது ஒரு பிள்ளைத்தாய்ச்சி, மூத்த குழந்தைகளைப் பறிகொடுத்ததிலிருந்து அவளுக்குப் புத்தி சரியில்லை என்றும் சொல்ல வேண்டும். புருஷன் சொன்னால் கோர்ட்டில் எடுபடும் என்றார் வக்கீல்.

"உன் வேலையும் நெலைக்கும், வீடும் நெலைக்கும்" என்றார் முதலியார். "பொம்பளை மேல கேஸ் கீஸ் எதுவும் வராம நான் பாத்துக்கறேன். நடந்ததை நானும் மனசுல வெச்சுக்கல."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்றுதான் வந்தது. வீட்டுக்கு வந்து வேதவல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சரி என்று வந்ததையும் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

வேலை போனால் என்ன செய்வது? இந்த வயதில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்? லைன் ஆட்கள் முகத்தில் விழிக்க முடியாமல் ஆகிவிட்டது, முதலியாரையும் பகைத்துக்கொண்டால் பட்டணத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள்? புத்தி சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்வதால் அவளுக்கு என்ன குறைந்துவிடும்? இப்படியெல்லாம் எழுதிப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அவள் எதிரில் உட்கார்ந்து அரிசி புடைக்கும்போது இதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

நவம்பர் 12, புதன்

காலையில் சரிகை வேட்டி கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். வேதவல்லி சோறு போட்டாள். எதுவும் கேட்கவில்லை.

மாசிலாமணி நகரசபைத் தரப்புச் சாட்சி. வராந்தாவில் நின்றான். என்னைக் கூப்பிட்டதும் முதலியார் பின்னால் இருந்து தொண்டையைச் செருமினார். குழி, மழை, குளிப்பது, எல்லாவற்றுக்கும் வக்கீல் சொல்லிக்கொடுத்தபடியே பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். அது சுலபமாகத்தான் இருந்தது, சொல்லச் சொல்ல எனக்கே நிஜம் மாதிரி இருந்தது. பிறகு வக்கீல், நீர் அந்த முதல் வீட்டிலேயே பல வருஷமாகக் குடும்பத்தோடு சுகமாக இருக்கிறீர் அல்லவா என்றார். ஆமாம் என்றேன். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டே தலை நிமிராமல், எத்தனை குழந்தைகள் என்று கேட்டார்.

"ரெண்டு" என்றேன்.

"வீட்டுல இருக்காங்களா?"

இல்லை என்றேன். எங்கே என்றார். வக்கீல் அவசரமாக எழுந்து, அதனால்தான் சாட்சியின் மனைவிக்குப் புத்தி பேதலித்திருக்கிறது, அதைச் சாட்சியே சொல்வார் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவ புத்தியில ஒரு குறையும் இல்லீங்க" என்றேன். "அந்த ரெண்டும் அந்த வூட்டுலதாங்க பொறந்துது, அந்த வூட்டுலதாங்க போச்சு. குழி தூர்ந்துபோவல. இதுக்கு முன்ன நான் சொன்னது எல்லாம் பொய்யிங்க. பலகை போட்டு மூடினது நான், கல்லு நட்டதும் நான்."

அழுதேன் என்று நினைக்கிறேன். மாஜிஸ்திரேட் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பொய்ச் சாட்சிக்கு என்னை ஏசினார், பிறகு போ என்றார். மூன்று வீடுகளையும் இடிக்கவும் குழியைத் தூர்க்கவும் முதலியாருக்கு உத்தரவாயிற்று. வெளியே வந்ததும் முதலியார் என்னிடம் நேராகப் பேசவில்லை. வண்டிக்காரனைப் பார்த்து, இருட்டுவதற்குள் சாவி வந்துவிட வேண்டும் என்று சொல்லச் சொன்னார். மாசிலாமணி பாலம் வரைக்கும் கூடவே நடந்து வந்தான். என்ன பேசினோம் என்று ஞாபகமில்லை.

வீட்டுக்குப் போகப் பயமாக இருந்தது. வேலை போய்விட்டது, வீடு போய்விட்டது, நிறைமாதத்துக்காரியை இன்று எங்கே தங்க வைப்பது? இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வந்து பார்த்தால் அறை காலியாக இருக்கிறது. பாத்திரங்கள் கோணியில், பாய் சுருட்டிக் கயிறு போட்டு. டிரங்குப் பெட்டி வாசலில். அதன் மேல் வேதவல்லி உட்கார்ந்திருக்கிறாள். கோர்ட்டில் நடந்தது அவளுக்குத் தெரியாது. லைனிலிருந்து கோர்ட்டுக்குப் போனவர்கள் இன்னும் யாரும் திரும்பி வரவில்லை.

"சாயங்காலப் படகுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள். பழவேற்காட்டுக்குக் கால்வாயில் போகிற படகு. "அங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். வேலை போனதையும் சொன்னேன். அவள் எழுந்து பெட்டியைத் திறந்தாள். உள்ளே அவள் புடவைகள், குழந்தைத் துணிகள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு துண்டில் தனியாகச் சுற்றி, என் வேட்டிகளும் சட்டைகளும்.

இதை ஏன் தனியாக மேலே வைத்தாய் என்று கேட்டேன்.

"எடுத்து வெச்சுட்டுப் போக சுளுவா இருக்கட்டும்னுதான்" என்றாள். "நீங்க என்ன சொல்லியிருந்தாலும் நான் இன்னைக்குக் கெளம்பறவதான். நீங்க வருவீங்களான்னுதான் தெரியல."

இத்தனை நாளாக லைனில் ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். என் வீட்டில் ஒருத்தி என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

வேதவல்லி துண்டைப் பிரித்தாள். என் துணிகளை எடுத்துத் தன் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பெட்டியைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தாள்.